தறி வீட்டில் கம்ப்யூட்டர் பாடம்: மின்நூலா? இன்டர்நெட் வகுப்பா?

ஆரணியில் விடிவதற்கு முன்பே தறி ஓசை கேட்கத் தொடங்கிவிடும்.

அந்த ஓசையில்தான் குழந்தைகள் கண் விழிக்கிறார்கள். அந்த ஓசையில்தான் பாடம் படிக்கிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர் ஆரணி. பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதாவது, வேறு ஊரில் நெய்த சேலையை "ஆரணிப் பட்டு" என்று சொல்லி விற்கக் கூடாது.

இந்த ஊரின் தறி வீடுகளில் இப்போது ஒரு புதுப் பேச்சு நடக்கிறது.

மகள் பிளஸ்-டூ முடித்துவிட்டாள். தகப்பனார் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா, நான் பைத்தான் படிக்கணும்."

"அது என்னம்மா?"

"கம்ப்யூட்டர் பாஷைப்பா. அதைப் படிச்சா வேலை கிடைக்குமாம்."

"எங்கே சொல்லித் தர்றாங்க? என்ன செலவு ஆகும்?"

இந்தக் கேள்விக்குத்தான் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள்.

"செல்போன்ல வீடியோ பாரு, ஓசியிலேயே படிச்சிடலாம்" என்கிறான் அண்ணன். "மின்நூலை இறக்கி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படி" என்கிறார் பள்ளிக்கூட ஆசிரியர். "பணம் கட்டுங்கள், ஆறு மாதத்தில் வேலை உறுதி" என்கிறது கடைத்தெருவில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்.

தகப்பனார் யோசிக்கிறார். "பட்டு முதலாளிகிட்டே முன்பணம் கேட்டுப் பார்க்கட்டுமா?"

இது எந்த வீடு என்று யாரும் தேட வேண்டாம். நெசவுத் தெருக்களில் பல வீடுகளில் நடக்கிற பேச்சுதான்.

முன்பணம் என்பது சாதாரணச் சொல் அல்ல. முன்பணம் வாங்கிய நெசவாளி, அது தீரும் வரையில் அந்த முதலாளிக்கே நெய்ய வேண்டும். கூலி குறைவு என்று வேறு இடம் போக முடியாது. மகளின் படிப்புக்காக வாங்கும் முன்பணம் தகப்பனாரின் கையைத் தறியோடு சேர்த்துக் கட்டிவிடும்.

ஆகவே, எதில் படிப்பது என்ற கேள்வியை விளையாட்டாக நினைக்கக் கூடாது.

துளை போட்ட அட்டை

புரோகிராம் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையை, அதற்குப் புரியும் பாஷையில், ஒன்றன் பின் ஒன்றாக எழுதிக் கொடுப்பது. அவ்வளவுதான்.

ஆரணியில் இதை விளக்குவது மிகவும் சுலபம். தறிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் போதும். அங்கே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கும்.

நெசவாளி மிதியை மிதிக்கிறார். ஓர் அட்டை வந்து ஊசிகளின் மேல் அழுந்துகிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி மேலே எழும்பி, பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். இழை அப்படியே கிடக்கும். நடுவே நாடா ஓடுகிறது. ஓர் ஊடை முடிகிறது. அடுத்த அட்டை வருகிறது.

இப்படியே அட்டை அட்டையாகப் போனால் பார்டரில் மாங்காய் வருகிறது. மயில் வருகிறது. முந்தானையில் கோபுரம் எழுகிறது.

துளை உண்டு, துளை இல்லை. இந்த இரண்டே சொற்களில் மயிலையே சொல்லிவிடலாம். கம்ப்யூட்டருக்கும் இரண்டே எழுத்துதான். ஒன்று, பூஜ்யம்.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. பிரான்சு நாட்டில் லியோன் என்பது பட்டு நெசவு ஊர். அந்த ஊர்க்காரர் ஜோசப் மாரி ஜக்கார்டு. 1800-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்தப் பெட்டியை அவர் உருவாக்கினார். அவர் இறந்த பிறகு, 1839-ம் ஆண்டில், அவருடைய உருவத்தையே லியோனில் பட்டில் நெய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் 24,000. பார்த்தவர்கள் அச்சடித்த படம் என்றே நினைத்தார்கள்.

அந்தப் பட்டுப் படம் ஒன்றை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் வாங்கி, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். துளை அட்டையால் பூ நெய்யலாம் என்றால் கணக்கு ஏன் போடக் கூடாது என்பது அவர் எண்ணம். அப்படிப்பட்ட எந்திரத்துக்கு அவர் திட்டம் போட்டார். முழு எந்திரம் அவர் காலத்தில் உருவாகவில்லை. ஆனால் அதைப் பற்றி 1843-ம் ஆண்டில் எழுதிய அடா லவ்லேஸ் என்ற பெண்மணி, அந்த எந்திரத்தை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டார். அந்த எந்திரம் எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று படிப்படியாக எழுதியும் காட்டினார். உலகின் முதல் புரோகிராமர் என்று அவரைச் சொல்கிறார்கள். பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பிறகு 1890-ம் ஆண்டில் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு கணக்கைக் கூட்டினார். அவருடைய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து பின்னாளில் ஐ.பி.எம். ஆயிற்று.

ஆகவே ஆரணிப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் அந்நியச் சரக்கு அல்ல. அவள் தொட்டிலில் கிடந்தபோதே மேலே தொங்கியதுதான்.

மின்நூல் எப்படி?

மின்நூல் என்றால் தாளில் அச்சடிக்காத புத்தகம். செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ இறக்கி வைத்துக்கொண்டு படிக்கலாம்.

அதில் முதல் லாபம், ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட் வேண்டாம். ஒரு புத்தகம் பெரும்பாலும் சில எம்.பி. அளவுதான். ஒரு மணி நேர வீடியோவுக்கு நூற்றுக்கணக்கில் எம்.பி. செலவாகும். ஒரே செல்போனை அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீட்டில், ஒருநாள் டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். புத்தகம் தீராது.

இரண்டாவது, புத்தகத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் பாடத்துக்குப் பிறகு இரண்டாம் பாடம். எழுதியவர் உட்கார்ந்து யோசித்து அடுக்கியிருக்கிறார். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு எதற்குப் பின் எதைப் படிப்பது என்பதே தெரியாது. அந்தத் தொல்லை புத்தகத்தில் இல்லை.

நம் நாட்டில் கம்ப்யூட்டர் படிப்பு வேர் விட்டதே புத்தகத்தால்தான். ஈரோட்டில் 1933-ம் ஆண்டில் பிறந்த பேராசிரியர் வி.ராஜாராமன், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்தியவர். மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் புத்தகங்கள் எழுதினார். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருந்த காலத்தில், அவர் புத்தகங்களைப் படித்தே பல தலைமுறை மாணவர்கள் புரோகிராம் எழுதக் கற்றார்கள்.

இறக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். மின்நூலில் பல வகை உண்டு. பி.டி.எப். என்பது தாளைப் படம் பிடித்தது போல. செல்போனில் எழுத்து பொடிப் பொடியாகத் தெரியும். பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும். இ-பப் என்ற வகை அப்படியில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரியும் திரைக்கு ஏற்றபடி மடங்கிக்கொள்ளும். சின்ன செல்போன் வைத்திருப்பவர்கள் இ-பப் வகையாகப் பார்த்து இறக்குவது நல்லது. கண்ணுக்கு மிச்சம்.

பழைய புத்தகம் தரும் தொல்லை

புத்தகத்தை மட்டும் நம்பினால் ஒரு பெரிய ஆபத்து உண்டு. இதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமையல் புத்தகம் ஐம்பது ஆண்டு ஆனாலும் சாம்பார் சாம்பார்தான். கம்ப்யூட்டர் புத்தகம் அப்படி அல்ல.

பைத்தான் பாஷையையே எடுத்துக்கொள்ளலாம். (மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓர் இங்கிலீஷ் நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து வந்தது.) ஹாலந்து நாட்டைச் சேர்ந்த கீடோ வான் ராசம் இதை 1991-ம் ஆண்டில் வெளியிட்டார். 2008-ம் ஆண்டு டிசம்பரில் பைத்தான்-3 வந்தது. அதில் சில விதிகள் மாறிவிட்டன. பழைய பைத்தான்-2, 2020-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு கைவிடப்பட்டது.

மாறியவற்றில் ஒன்று, மிகச் சின்னது. திரையில் ஒரு சொல்லைக் காட்ட "பிரின்ட்" என்று கட்டளை கொடுக்க வேண்டும். பழைய பைத்தானில் அதற்குப் பிறகு சொல்லை மட்டும் எழுதினால் போதும். புதிய பைத்தானில் அந்தச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். போடாவிட்டால் பிழை.

இப்போது பாருங்கள். ஒரு பெண் யாரோ அனுப்பிய பழைய மின்நூலை இறக்குகிறாள். முதல் பக்கத்தில் இருக்கும் முதல் வரியை எழுத்துப் பிசகாமல் அடிக்கிறாள். பிழை வருகிறது. மறுபடி அடிக்கிறாள். மறுபடியும் பிழை. பத்து முறை பார்த்தும் அவள் எழுதியதில் தவறு இல்லை.

புத்தகம் பழசாகிவிட்டது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

"எனக்கு இது வராது" என்று மூடி வைத்துவிடுகிறாள். ஓர் அடைப்புக்குறியால் ஒரு படிப்பு நின்றுவிடுகிறது. இது போன கதைகள் சொல்லிக்கொள்ளாமலே போய்விடுகின்றன. அதனால் ஊருக்குத் தெரிவதில்லை.

சி++ பாஷையிலும் இதே கதைதான். போர்லாண்டு கம்பெனி 1990-ம் ஆண்டு வாக்கில் விற்ற டர்போ சி++ என்ற சாதனத்தை வைத்து எழுதிய புத்தகங்கள் இன்னும் சுற்றி வருகின்றன. அவற்றில் உள்ள பல புரோகிராம்கள் இன்றைய கம்ப்யூட்டரில் அப்படியே ஓடாது.

ஆகவே, மின்நூலை இறக்கும் முன் எந்த ஆண்டில் வந்தது என்று பார்க்க வேண்டும். பைத்தான் புத்தகம் என்றால் மூன்றா, இரண்டா என்று பார்க்க வேண்டும். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம். இதிலும் பார்க்கலாம்.

இன்டர்நெட் பாடத்தின் பலம் இங்கேதான். நல்ல தளங்கள் பாடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. பிழை வந்தால் அந்தப் பிழையை அப்படியே எடுத்துத் தேடினால், அதே பிழையில் மாட்டிய வேறு யாரோ முன்பே கேட்டிருப்பார்கள். பதிலும் இருக்கும். புத்தகத்திடம் கேள்வி கேட்க முடியாது.

பார்த்தால் வந்துவிடுமா?

வீடியோவின் கவர்ச்சி தனி. ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டே எழுதுகிறார். எல்லாம் ஒரே முறையில் ஓடுகிறது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் புரிந்தது போல இருக்கிறது.

ஒரு மணி நேரம் பார்த்த பிறகு வெறும் திரையைத் திறந்து வைத்தால் கை நகராது. முதல் வரி என்ன?

தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அப்பா நெய்வதைப் பதினெட்டு வருஷம் பார்த்திருந்தாலும், குழியில் உட்கார்ந்து நாடா எறிந்தால்தான் இழை எங்கே அறுகிறது என்று தெரிகிறது. அறுந்த இழையை முடிந்தால்தான் விரல் பழகுகிறது.

இதை நன்றாக யோசித்து அமைத்த வீடியோ பாடங்களும் உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் "ஸ்போக்கன் டுடோரியல்" அப்படிப்பட்டது. ஒவ்வொரு பாடமும் ஏறக்குறையப் பத்து நிமிஷம். தமிழிலும் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் வீடியோவை ஓட விட்டு, நிறுத்தி, மறுபக்கத்தில் அதையே செய்து பார்க்க வேண்டும். பிறகு மறுபடி ஓட விட வேண்டும். இன்டர்நெட் இல்லாத இடத்திலும் இறக்கி வைத்துக்கொண்டு பார்க்கலாம். கட்டணம் கிடையாது.

இன்னொரு தொல்லை உண்டு. வீடியோ பார்க்கப் போன பிள்ளை பாடம்தான் பார்க்கிறதா? பக்கத்திலேயே சினிமாப் பாட்டு காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு விரல் தள்ளினால் போதும். பெரியவர்களே தப்ப முடியாத இடத்தில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டை அணைத்துவிட்டுப் படிப்பது ஒன்றுதான் வழி.

தமிழில் இல்லையா?

"எல்லாம் இங்கிலீஷில்தானே இருக்கிறது? எங்கள் பிள்ளை தமிழ் வழியில் படித்தவள்" என்று தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள்.

தமிழில் இருக்கிறது. வீட்டிலேயே இருக்கலாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ்-ஒன் கணினி அறிவியல் புத்தகத்தில் சி++ இருக்கிறது. பிளஸ்-டூ புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது. 2019-ம் ஆண்டில் வந்த இந்தப் பிளஸ்-டூ புத்தகம் பைத்தான்-3 முறையில் எழுதியது. தமிழ் வழிப் புத்தகமும் உண்டு, இங்கிலீஷ் வழிப் புத்தகமும் உண்டு. இரண்டையும் இன்டர்நெட்டில் இலவசமாக இறக்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது மிக நல்ல முறை. தமிழில் பொருள் புரியும். இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு என்ன பெயர் என்று தெரியும். வேலைக்குப் போகிற இடத்தில் இங்கிலீஷ்ப் பெயர்தான் புழங்கும். இதை மறைத்துச் சொல்வதில் லாபம் இல்லை.

பள்ளிப் பாடத்துக்கு வெளியிலும் உண்டு. "கணியம்" என்ற இணைய இதழ் 2012-ம் ஆண்டில் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுகிறது. "எளிய தமிழில்" என்ற வரிசையில் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவை பற்றி து.நித்யா எழுதிய நூல்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2013-ம் ஆண்டில் தொடங்கிய "ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்" தளத்தில் இவை இ-பப் வகையிலும், சின்னத் திரைக்கு ஏற்ற பி.டி.எப். வகையிலும் கிடைக்கின்றன. இறக்கியதைத் தோழிகளுக்கு அனுப்பலாம். சட்டப்படியே அனுமதி உண்டு.

தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுதும் ஒரு பாஷைகூட உண்டு. பெயர் "எழில்". முத்து அண்ணாமலை என்ற தமிழர் உருவாக்கியது. அதில் பிரின்ட் என்பதற்குப் பதில் "பதிப்பி" என்று எழுத வேண்டும். எழில் தெரிந்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்காது. ஆனால் இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் பயப்படும் தம்பி தங்கைகள் விளையாட்டாகத் தொடங்க அது ஏற்றது. பயம் போன பிறகு பைத்தானுக்குப் போகலாம்.

காசு கொடுத்தால் நல்ல பாடமா?

கட்டணம் பெரிதாக இருந்தால் பாடமும் பெரிதாக இருக்கும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்து இந்தியா முழுவதும் லட்சக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டிய பெரிய கம்பெனி பைஜூஸ். 2020-ம் ஆண்டில் அது, சிறுவர்களுக்குப் புரோகிராம் சொல்லித் தரும் இன்னொரு கம்பெனியையும் விலைக்கு வாங்கியது. 2024-ம் ஆண்டில் பைஜூஸ் கம்பெனியே திவால் வழக்கில் சிக்கியது.

எல்லாப் பயிற்சி நிலையங்களும் மோசம் என்று சொல்வதற்கில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தவறைத் திருத்தினால் படிப்பு வேகமாக வரும். ஆனால் "வேலை உறுதி" என்று நோட்டீஸ் போடுகிறவரிடம் தகப்பனார் ஒன்று கேட்க வேண்டும். போன வருஷம் இங்கே படித்த நாலு பேரைக் காட்ட முடியுமா? எந்த வேலையில் இருக்கிறார்கள்? அவர்களோடு பேச முடியுமா? சேலை வாங்க வருகிறவர்கள் ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கவில்லையா?

கட்டணம் இல்லாத இடத்தில் கெட்டிக்கார ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில், சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் சொல்லித் தருகிறார். எட்டு வாரப் பாடம். இங்கிலீஷில் நடக்கிறது. பார்ப்பதற்குக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டும் என்று தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ம் ஆண்டில் புரோகிராமிங், டேட்டா சயன்ஸ் பட்டப் படிப்பை இன்டர்நெட் வழியாகத் தொடங்கியது. வீட்டிலிருந்து படிக்கலாம். தேர்வை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். இதற்குக் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகையும் உண்டு. தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் அதில் என்ன பாடம் கிடைக்கிறது என்று கல்லூரியில் கேட்கலாம்.

காசு கொடுத்து மின்நூல் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் வாங்கிய புத்தகம் அலமாரியில் இருக்கும். மின்நூல் அப்படி இல்லாமல் போகலாம். 2009-ம் ஆண்டு ஜூலையில் அமேசான் கம்பெனி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த சில மின்நூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று காரணம் சொன்னது. பணத்தைத் திருப்பித் தந்தது. பிறகு அமேசான் தலைவர் மன்னிப்பும் கேட்டார். 2019-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் மின்நூல் கடையையே மூடியது. வாங்கிய புத்தகங்கள் போயின. பணம் திரும்பி வந்தது. ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பு?

அனுமதியோடு இலவசமாகக் கிடைக்கும் நூலை இறக்கி, ஒரு நகல் எடுத்து வைத்தால் இந்தக் கவலை இல்லை.

எந்திரமே எழுதிவிடுமாமே?

"இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டது. கேட்டால் அதுவே புரோகிராம் எழுதித் தருகிறது. பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?" என்று அண்ணன் கேட்கிறான். 2022-ம் ஆண்டு நவம்பரில் அது வந்ததிலிருந்து ஊர் ஊராக இந்தக் கேள்வி இருக்கிறது.

எழுதித் தருவது உண்மை. சில சமயம் தவறாக எழுதித் தருவதும் உண்மை. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க, படித்தவர் ஒருவர் வேண்டும். அட்டை குத்துவதை எந்திரம் செய்யலாம். ஓர் அட்டை மாறிப்போனால் மயிலுக்குக் கழுத்து உடையும். அதைச் சேலையில் பார்த்து, இன்ன அட்டை என்று சொல்கிறவர் நெசவாளிதானே?

பிழை வந்து நிற்கும்போது, அதற்கு அர்த்தம் என்ன என்று அந்த எந்திரத்திடம் தமிழிலேயே கேட்கலாம். பக்கத்தில் ஆள் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி. விடையை எழுதித் தரச் சொல்லி அப்படியே ஒட்டிக்கொண்டால், வீடியோ பார்த்துப் புரிந்தது போல இருந்த கதைதான்.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள்?

மீண்டும் அந்தத் தறி வீட்டுக்குப் போவோம்.

மகள் மூன்று மாதம் கேட்டாள். "அப்பா, முன்பணம் இப்போ வாங்க வேண்டாம். மூணு மாசம் நானே படிச்சுப் பார்க்கறேன். வரலைன்னா அப்புறம் யோசிக்கலாம்."

அண்ணனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. 2011-ம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில் வந்தது. பாட்டரி போய்விட்டது. மின்சாரத்தில் செருகினால் ஓடுகிறது. கரண்ட் போனால் லேப்டாப்பும் போகும். அப்போது செல்போனில் மின்நூல்.

முதலில் ஒரே ஒரு புத்தகம். பிளஸ்-டூ தமிழ்ப் புத்தகத்தின் பைத்தான் பாடங்கள். பத்துப் புத்தகம் இறக்கி வைக்கக் கூடாது என்று அவளே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். பைத்தானின் சொந்தத் தளத்தில் தொடக்கப் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதையே மின்நூலாக இறக்கவும் முடிகிறது. அது இரண்டாவது.

பாடத்தில் உள்ளதை ஒவ்வொரு வரியாக அடித்துப் பார்ப்பாள். பிழை வந்தால் முதலில் நோட்டில் எழுதுவாள். அரை மணி நேரம் தானே பார்ப்பாள். பிறகுதான் இன்டர்நெட். புரியாத பாடத்துக்கு மட்டும் பத்து நிமிஷ வீடியோ.

"பொண்ணு நாள் பூரா அதிலேயே உட்கார்ந்திருக்காளே" என்று அம்மா சொன்னாள்.

"நானும்தானே நாள் பூரா உட்கார்ந்திருக்கேன்" என்றார் தகப்பனார்.

இரண்டாவது மாதம் முடியும்போது அவள் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினாள். அப்பாவின் கூலிக் கணக்கு. எத்தனை சேலை, ஒரு சேலைக்கு என்ன கூலி, பழைய முன்பணத்துக்கு என்ன பிடித்தம், கையில் மிச்சம் எவ்வளவு.

தகப்பனார் தன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போன மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் வந்த தொகை, நோட்டில் இருந்த தொகையைவிட அதிகம்.

"உன் கம்ப்யூட்டர் சொல்ற மாதிரி முதலாளி கொடுத்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

அவள் மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். ஏழாவது வரியில் நின்றாள். பிடித்தத்தைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தாள்.

ஒரு குறியை மாற்றினாள். மறுபடி ஓட விட்டாள். தகப்பனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்போ சரி" என்றார். "அதுக்கு முந்தின மாசத்தையும் போடு."